சிபாரிசுக் கடிதமும் நம் சொந்தக் கடிதமும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் பங்குகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலக வாயிலில் பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சிலர் காத்து நிற்பர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை; அதனுள் மதிப்பெண் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், இரண்டு புகைப்படங்கள். சுவாமியிடம் அவர்கள் கேட்பது ஒரு சிபாரிசுக் கடிதம். மருத்துவமனைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, காலணித் தொழிற்சாலைக்கு ஒன்று என்று மூன்றாக வாங்கிச் செல்வோரும் உண்டு.

சிபாரிசு கேட்பதை நாம் குறை கூறவில்லை. அறிமுகம் இல்லாத ஏழைக் குடும்பத்திற்கு, இவர் நல்லவர் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்திற்காக ஒரு மாதம் காத்திருக்கும் பிள்ளை, தானே எழுத வேண்டிய கடிதத்திற்கு ஐந்து நிமிடமும் செலவிடுவதில்லை என்பதே நம் மனத்தாங்கல். சான்றிதழ்களுக்கு மேல் முகப்பாக வைக்கும் அந்த ஒற்றைத் தாளை, கவரிங் லெட்டர் என்று எல்லாரும் சொல்லும் அதை, பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்காரரே தயாரித்துத் தந்துவிடுகிறார். அவரது கணினியில் ஒரு கடிதம் எப்போதும் இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். இப்போது கைப்பேசியிடம் சொன்னாலே அது பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிழை போயிற்று, ஆளும் போய்விட்டார்.

ஒரு தோல் நிறுவனத்தின் அலுவலகத்தில் கணக்கெழுதி வந்த காலத்தில், வேலை கேட்டு வரும் உறைகளைப் பிரித்து அடுக்கி வைக்கும் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. கற்றையில் பெரும்பாலான கடிதங்கள் ஒன்றுபோலவே இருக்கும். தாழ்மையுடன் தொடங்கும், கடின உழைப்பாளி, நேர்மையானவன், எந்த வேலையும் செய்வேன் என்று நடக்கும், என்றும் கீழ்ப்படிதலுள்ள என்று முடியும். எல்லாரும் கடின உழைப்பாளிகள் என்றால் மேலாளர் யாரைக் கூப்பிடுவார்? எந்த வேலையும் செய்வேன் என்று எழுதியவரைப் பற்றி அவர் நினைப்பது ஒன்றே: இவருக்கு இந்த வேலை என்னவென்று தெரியவில்லை.

முன்னாளில் நம் பகுதியில் தோல் வேலைக்கு எவரும் கடிதம் எழுதியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நாட்களில், மேஸ்திரியின் ஒரு சொல்லே நியமன உத்தரவு. தகப்பன் வேலை செய்த இடத்தில் மகனும் போய் நின்றான். 1970களில் மைய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் முழுதும் பதனிட்ட தோல், காலணியின் மேற்பகுதி, பிறகு முழுக் காலணி என்று தொழில் படிப்படியாக மாறியது. அத்துடன் அலுவலகமும் வளர்ந்தது. மாதிரி தயாரிக்கும் பிரிவு, தரம் பார்க்கும் பிரிவு, வெளிநாட்டு வணிகருக்குப் பதில் எழுதும் பிரிவு, கப்பலுக்குரிய ஆவணங்களைக் கவனிக்கும் பிரிவு எனப் பல தோன்றின. தையல் மேசைக்கு இன்றும் உறவினர் சொல்லே போதுமானதாக இருக்கலாம். இந்த மேசைகளுக்கு அது போதாது. நம்மை முன்பின் அறியாத ஒருவர், ஒரு தாளைப் பார்த்து, யாரை அழைப்பது என்று முடிவு செய்கிறார்.

தமிழ்நாட்டில் வேலை கேட்டு எழுதப்பட்ட கடிதங்களுள் நாம் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு. 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், திருவல்லிக்கேணியில் குடியிருந்த 24 வயது இளைஞர் ஒருவர், சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு அதை எழுதினார். எழுதியவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். அன்று அவரை மேதை என்று அறிந்தவர் சிலரே. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தவர். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், மணமானவர், வருவாய்க்கு வழி தேடி அலைந்தவர். நம் வீடுகளில் இத்தகைய பிள்ளை இருந்தால் உறவினர் என்னென்ன பேசுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய கடிதம் மிகச் சிறியது. தங்கள் அலுவலகத்தில் எழுத்தர் இடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிகிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். எதிர்பாராத இடையூறுகளால் மேற்கொண்டு படிக்க இயலாமல் போயிற்று என்று அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறார். எனினும் தம் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாக அடுத்து எழுதுகிறார். இந்த வேலையைச் சரிவரச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை தமக்கு உண்டு என்கிறார். வேலையைத் தருமாறு கேட்டு முடிக்கிறார்.

கடிதத்தின் உயிர் அந்த 'எனினும்' என்ற சொல்லில் இருக்கிறது என்பது நம் கருத்து. தேறவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதற்காக ஒரு பக்கம் அழவும் இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்த ஆண்டுகளில் தாம் சும்மா இருக்கவில்லை என்பதை அடுத்த வரியில் வைத்தார். கணக்கு அலுவலகத்திற்கு எண்ணிலே மூழ்கிய ஒருவர் தேவைப்படுவார் அன்றோ! ஆக, அவர் எடுத்துச் சொன்ன ஒரே தகுதி, பெறுபவருக்கு வேண்டிய தகுதியாகவும் அமைந்தது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் அக்கடிதத்திலும் வருகிறது. அது அக்கால வழக்கு. இன்று நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அவரும் சிபாரிசு இல்லாமல் போகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், இவருக்குக் கணிதத்தில் மிக அரிய திறமை உண்டு, கணக்கிடுவதில் வேகமானவர் என்று எழுதித் தந்த கடிதமும் உடன் சென்றது. இரண்டும் ஒன்றையே திரும்பச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேராசிரியரின் கடிதம் திறமைக்குச் சாட்சி சொன்னது. படிப்பு ஏன் நின்றது, நின்றபின் என்ன செய்தேன் என்பதை எழுதியவரே சொன்னார். அதைப் பேராசிரியர் சொல்லியிருந்தால் அது பரிதாபமாக ஒலித்திருக்கும். 1912 மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுசன் பணியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதையும் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டும் சம்பளம் பெறும் ஓர் எழுத்தர் நான் என்றே தொடங்கினார். பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் சொன்னார். ஆனால் கடிதத்தைவிட அதனுடன் இணைத்த தாள்களே கனமானவை. தாம் கண்டறிந்த தேற்றங்களை அவற்றில் எழுதி அனுப்பியிருந்தார். தோல் வாணிகம் அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மாதிரி பார்க்காமல் எந்த வணிகர் சரக்கு வாங்குகிறார்? வடிவமைப்புப் படித்த பிள்ளை தான் வரைந்த இரண்டு வரைபடங்களை இணைத்தால், ஆர்வம் உள்ளவன் என்று தனியே எழுதத் தேவையில்லை.

மேனாட்டிலும் இத்தகைய பழங்கடிதம் ஒன்று உண்டு. 1482ஆம் ஆண்டளவில் ஓவியர் லியோனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு எழுதியதன் நகல் கிடைத்துள்ளது. ஓவியர் கடிதமாயிற்றே என்று படித்தால், வரிசையாகப் பாலம், பீரங்கி, முற்றுகை என்று போர்க் கருவிகளே வருகின்றன. ஓவியமும் சிற்பமும் கடைசியில்தான். ஆள்பவருக்கு அன்று என்ன தேவை என்று அறிந்து அந்த வரிசையில் எழுதினார். அந்த வரிசையை நாம் மெச்சுகிறோம். ஆனால் போர்க் கருவிகளில் அவருக்கு அந்நாளில் பெரிய அனுபவம் இருந்ததாகத் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணிவை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். தெரியாத இயந்திரத்தைத் தெரியும் என்று எழுதியவர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதன் முன்னால் நிற்க நேரிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பங்கில் விண்ணப்பம் எழுத உதவி கேட்டு வரும் பிள்ளைகளுள் ஒரு மகளின் கடிதம் நம் நினைவில் நிற்கிறது. பி.காம். முடித்தவள். காலணி நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அலுவலக உதவியாளர் இடத்திற்கு எழுதியிருந்தாள். ஜெராக்ஸ் கடைக் கடிதம்தான். சான்றிதழ்களைப் புரட்டினோம். பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவில் இரண்டு ஆண்டுகள் காணாமற் போயிருந்தன. உடல்நலம் சரியில்லை என்று போட்டுவிடலாமா ஐயா என்று அவளே கேட்டாள். உண்மையில் அந்த இரண்டு ஆண்டுகளும் அதிகாலையில் கம்பெனி பேருந்து ஏறி, காலணியின் மேற்பகுதி தைத்திருக்கிறாள். தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் அதில்தான் கட்டப்பட்டது. அதை எழுதினால் தையல் பெண் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம்.

நோய் என்ற பொய்யை எழுதுவதற்கும் உழைப்பு என்ற உண்மையை மறைப்பதற்கும் அவளைத் தூண்டியது எது? தோல் வேலை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அந்த வேலையை ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் சுமத்திவிட்டு, சுமந்தவரையே இழிவாகப் பேசினார்கள். வாசனை வருகிறது என்று பேருந்தில் தள்ளி அமர்ந்தவர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காயம் பிள்ளைகளின் விண்ணப்பத்தாளிலும் வந்து நிற்கிறது. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மொட்டையாக எழுதுகிறார்கள். இருபது ஆண்டுகள் தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் கனம் சொல்லக்கூடிய மனிதர் அந்தக் கூலி.

இதே தோலைத் தம் வாழ்க்கைப் பணியாக விரும்பி ஏற்றவர் ஆந்திரத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் நாயுடம்மா. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பல்லாண்டுகள் இயக்குநராக இருந்து, அதை உலகறியச் செய்தார். 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மறைந்தார். திருத்தூதர் பணிகள் நூலிலும், யோப்பா நகரில் புனித பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்தான். ஊரார் விலகி நின்ற தொழிலைச் செய்தவரின் வீடு அது.

அந்த மகளிடம், தையல் பிரிவில் என்ன கற்றாய் என்று மட்டும் கேட்டோம். ஒன்றுமில்லை ஐயா என்றவள், பிறகு அரைமணி நேரம் பேசினாள். பேசியதை எழுதச் சொன்னோம். அவள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இவ்வாறு அமைந்தது:

"பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் குடும்பச் சூழ்நிலையால் இரண்டு ஆண்டுகள் காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதித் தையல் பிரிவில் பணிபுரிந்தேன். தையல் விட்டுப்போவது, ஓரம் சீராக மடியாமல் இருப்பது, ஒரு ஜோடியின் இரண்டு காலணிகளுக்கும் தோலின் நிறம் ஒவ்வாமல் இருப்பது போன்ற குறைகளைக் கண்டு பிரிக்க அங்கே கற்றுக்கொண்டேன். அதன்பின் கல்லூரியில் சேர்ந்து பி.காம். தேறினேன். கணினியில் கணக்குப் பட்டியல் தயாரிக்கத் தெரியும். குறைகளைப் பதிவு செய்யும் அலுவலக வேலையில், அக்குறைகள் எவ்வாறு ஏற்படுகின்றன என்று அறிந்திருப்பது பயன்படும் என்று நம்புகிறேன்."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. கடின உழைப்பாளி என்ற சொல்லும் இல்லை, தேவைப்படவில்லை. நேர்காணலுக்கு அழைத்தார்கள். ஒரு ஜோடி காலணியை மேசைமேல் வைத்து, இதில் என்ன குறை என்று கேட்டார்களாம். அந்த இடம் அனுபவம் மிகுந்த வேறொருவருக்குப் போயிற்று. முதல் வரியை மட்டும் மாற்றி மற்றொரு நிறுவனத்திற்கு அனுப்பினாள், அங்கே கிடைத்தது. நல்ல கடிதம் வேலையைத் தருவதில்லை. நாற்காலியில் அமர்ந்து பேச ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது பிழை.

எல்லா விண்ணப்பத்திலும் குடும்பத் தொழிலை எழுத வேண்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வங்கி வேலைக்கு எழுதுபவன் தகப்பனாரின் டேனரி வேலையைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வறுமையைச் சொல்லி இரக்கம் தேடுவதும் வேறு. கேட்கும் வேலைக்கும் நாம் கண்டு வளர்ந்ததற்கும் தொடர்பு இருந்தால்தான் அதற்குக் கடிதத்தில் இடம். வேதியியல் படித்த ஓர் இளைஞன் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை கேட்கிறான் என்று கொள்வோம். பாலாற்றங்கரைத் தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பும், 2025 சனவரியில் மீண்டும் அளித்த தீர்ப்பும் இந்நிலையங்களின் பொறுப்பைப் பெரிதாக்கியுள்ளன. அவன் ஊர்க் கிணற்றின் நீர் உப்பேறிக் குடிக்க உதவாமற் போனதைப் பார்த்து வளர்ந்தவன் என்றால், அந்த ஒரு வரி எந்தச் சான்றிதழிலும் இல்லாதது. அதை எழுதட்டும். குற்றச்சாட்டாக அன்று, இந்தப் படிப்பைத் தேர்ந்துகொண்டதன் காரணமாக.

சில சிறு செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவதே முறை. ஆங்கிலமாயின் தனக்கு விளங்கும் சொற்களால் எழுத வேண்டும். கடன் வாங்கிய ஆங்கிலம் நேர்காணலில் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த இடத்திற்கு எழுதுகிறோம் என்பது, இராமானுசன் செய்ததுபோல, முதல் வரியிலேயே வரவேண்டும்; அதை எங்கே அறிந்தோம் என்பதும் அங்கே வரவேண்டும். ஒரே கடிதத்தை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பும்போது, ஒரு நிறுவனத்தின் பெயர் மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களை நாம் கண்டிருக்கிறோம். அவை எந்த அடுக்கிலும் சேராமல் மேசைக்குக் கீழே இருக்கும் கூடைக்குச் சென்றன. முகவரியிலும் கவனம் வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இராணிப்பேட்டையே தனி மாவட்டம் ஆயிற்று. இன்னும் வேலூர் மாவட்டம் என்றே எழுதுவோர் பலர். அழைப்பு மின்னஞ்சலில் வருகிறதென்றால், அந்த அஞ்சலை நாள்தோறும் திறந்து பார்க்கிறவர் வீட்டில் யார் என்பதும் ஒரு கேள்வி.

கைப்பேசி எழுதித் தருவதை அறவே ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தட்டச்சுப் பயிலகம் வந்தபோதும் சிலர் கையெழுத்தே உயர்ந்தது என்றார்கள். எழுத்துப் பிழை திருத்த அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தையல் மேசையில் அந்த மகள் கற்றது அதற்குத் தெரியாது. அவள் சொன்னால்தான் தெரியும்.

சுவாமியிடம் சிபாரிசு கேட்கப் போகும் பிள்ளை, தன் சொந்தக் கடிதத்தை முதலில் எழுதி அதையும் கையில் கொண்டுபோவது நல்லது. அதைப் படித்துப் பார்த்தால், தாம் எதைச் சொல்ல வேண்டும் என்பது சுவாமிக்கும் தெரியும். அதற்கும் முன்பாக, தகப்பனாரின் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதுவதாயிருந்தால், அவரைக் கேட்டே எழுத வேண்டும். எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுகள், மாட்டுத் தோலா ஆட்டுத் தோலா, இயந்திரத்தின் பெயர் என்ன என்று கேட்டால் அவர் சொல்வார். பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டினால், அதில் இரண்டு சொற்களையாவது திருத்துவார்.